எதை உள்ளே விடுவது என்று செல் சவ்வுக்கு எப்படித் தெரிகிறது?

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கான பதில் இது. அவர் கேட்டது இரண்டு விஷயங்கள். "செல் சவ்வு ஒரு திரவம் என்கிறார்கள், தடுப்பு என்றும் சொல்கிறார்கள். திரவம் எப்படி ஒன்றைத் தடுக்கும்? அப்புறம், அது தேர்வு கடத்து சவ்வு என்றால், எதை உள்ளே விடலாம், எதை விடக் கூடாது என்று அதற்கு எப்படித் தெரியும்?"

இந்தப் பாடத்தைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். 'தேர்வு கடத்து சவ்வு' என்ற சொல்லை எல்லாரும் மனப்பாடமாக எழுதிவிடுவார்கள், இரண்டு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். 'எப்படித் தெரியும்' என்று ஒருவர் கேட்கும்போதுதான் பாடம் சூடு பிடிக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சமையலறைக்குப் போவோம். ஒரு பீட்ரூட்டைத் தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, தண்ணீரில் போடுங்கள். தண்ணீர் உடனே சிவக்கும். அது கத்தி பட்டுக் கிழிந்த செல்களிலிருந்து வந்த சாயம். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு மூன்று முறை அலசி, புதிதாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் லேசான ரோஸ் நிறம்தான் இருக்கும். இப்போது அதே துண்டுகளைக் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். சில நிமிடங்களில் பாத்திரம் முழுக்கச் சிவப்பாகிவிடும்.

பீட்ரூட்டின் சாயம் தண்ணீரில் நன்றாகக் கரையக்கூடியது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் அது வெளியே வரவில்லை என்றால், ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. செல் சுவரா? இல்லை. சூடு பட்ட பிறகும் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது, சுவர் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. செல் சுவர் கோணிச் சாக்கு மாதிரி, தண்ணீரும் சாயமும் அதன் இழைகளுக்கு நடுவே தாராளமாகப் போய்வரும். சூட்டில் குலைந்துபோனது சவ்வு. சாயம் இருக்கும் நுண்குமிழைச் சுற்றி ஒரு சவ்வு, செல்லைச் சுற்றி இன்னொன்று. இரண்டும் தாங்கி நின்ற வரை சாயம் உள்ளேயே இருந்தது.

அந்தச் சவ்வின் தடிமன் 7 அல்லது 8 நானோமீட்டர்தான். நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள் அளவுக்குத் தடிமன் வர வேண்டுமானால், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சவ்வுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். இவ்வளவு மெல்லியது எப்படித் தடுப்பாக நிற்கிறது?

சவ்வின் அடிப்படைச் சரக்கு பாஸ்போலிப்பிடு. அதற்கு ஒரு தலை, இரண்டு வால். தலையில் மின்னூட்டம் உண்டு, தண்ணீரோடு ஒட்டும். வால்கள் கொழுப்பு அமிலச் சங்கிலிகள், தண்ணீரோடு ஒட்டாது. வால்களுக்குத் தண்ணீர் 'பிடிக்காது' என்று வகுப்பில் சொல்வது வழக்கம், நானும் சொல்வேன். ஆனால் உண்மையில் வாலுக்குத் தண்ணீர் மேல் வெறுப்பு ஒன்றும் கிடையாது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருப்பவை. நடுவில் ஓர் எண்ணெய்ச் சங்கிலி வந்தால், அதைச் சுற்றி நிற்கும் தண்ணீருக்குக் கை நீட்ட வழி குறைகிறது, ஒரு மாதிரி விறைத்து நிற்க வேண்டியிருக்கிறது. எண்ணெயெல்லாம் ஓரிடத்தில் ஒதுங்கிவிட்டால் அந்த நெருக்கடி குறையும். ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே காரணத்தால்தான்.

ஆக, பாஸ்போலிப்பிடுகளைத் தண்ணீரில் விட்டால், வால்கள் எல்லாம் உள்ளே ஒதுங்கி, தலைகள் தண்ணீரைப் பார்த்தபடி நிற்கும். சோப்பு மூலக்கூறுக்கு வால் ஒன்றுதான், அதனால் அது ஒரு முனை குறுகலாக இருக்கும். அப்படிப்பட்டவை சேர்ந்தால் குட்டி உருண்டையாகிவிடும். பாஸ்போலிப்பிடுக்கு வால் இரண்டு என்பதால் தலையும் உடம்பும் ஏறக்குறைய ஒரே அகலம். அப்படிப்பட்டவை பக்கத்தில் பக்கத்தில் நின்றால் தகடுதான் வரும். தலை வெளியே, வால் உள்ளே என இரண்டு வரிசை முதுகோடு முதுகு ஒட்டிய தகடு. ஓரங்களில் வால் தண்ணீரில் படக் கூடாது என்பதால் தகடு வளைந்து தானாகவே மூடிக்கொள்ளும், பை மாதிரி. பசை கிடையாது, தையல் கிடையாது, யாரும் கட்டவும் இல்லை. நுண்ணிய ஊசியால் ஒரு செல்லைக் குத்தி எடுத்தால் ஓட்டை மூடிக்கொள்வதற்கும் இந்தக் குணம்தான் ஆதாரம்.

இரண்டு அடுக்கு என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1925-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களை எடுத்துக்கொண்டார்கள். பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் கிடையாது, உள்ளே வேறு சவ்வுகளும் கிடையாது. அதனால் அதில் கிடைக்கும் கொழுப்பு எல்லாம் வெளிச்சவ்வுடையதுதான். அந்தக் கொழுப்பை அசிட்டோனால் பிரித்தெடுத்து, தண்ணீரின் மேல் ஒரே அடுக்காகப் பரப்பி, அது எவ்வளவு இடம் அடைக்கிறது என்று அளந்தார்கள். சிவப்பணுக்களின் மொத்தப் பரப்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்தது. அப்படியென்றால் சவ்வில் இரண்டு அடுக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்கள் இரண்டு இடத்தில் தவறியிருந்தார்கள். அசிட்டோன் கொழுப்பை முழுதாக எடுக்கவில்லை. காய்ந்த செல்லை வைத்துக் கணக்கிட்டதால் பரப்பையும் குறைவாகவே எடுத்திருந்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்ட, விடை சரியாக வந்துவிட்டது. பிற்பாடு வேறு வழிகளில் சோதித்தபோதும் இரட்டை அடுக்கு என்பது உறுதியானது.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். திரவம் எப்படித் தடுக்கும்?

மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துவிடும், நல்லெண்ணெய் உறையாது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் நிறைவுற்றவை, நேர்க் குச்சிகள் மாதிரி நெருக்கமாக அடுக்கி நிற்கும். நல்லெண்ணெயில் இரட்டைப் பிணைப்பு உள்ளவை அதிகம். அந்த இடத்தில் சங்கிலி முழங்கை மாதிரி மடங்கியிருக்கும், நெருங்கி அடுக்கி நிற்காது. செல் சவ்விலும் இதே கணக்குதான். மடங்கிய வால்கள் கலந்திருப்பதால் உடல் சூட்டில் சவ்வு உறையாமல் எண்ணெய்ப் பதத்தில் இருக்கிறது. குளிர்நீரில் வாழும் மீன்களின் சவ்வில் மடங்கிய வால்கள் இன்னும் அதிகம். கொலஸ்டிராலின் வேலையும் இங்கேதான். வால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு, சூட்டில் சவ்வு மிகவும் இளகிவிடாமலும், குளிரில் இறுகிவிடாமலும் பார்த்துக்கொள்கிறது. கொலஸ்டிரால் என்றாலே கெட்டது என்று நினைப்பவர்களுக்கு: அது இல்லாமல் நம் செல்களின் சவ்வு ஒழுங்காக நிற்காது.

சவ்வு ஓடுகிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டியவர்கள் ஃபிரையும் எடிடினும். 1970-இல் ஓர் எலிச் செல்லையும் ஒரு மனிதச் செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். சவ்வில் கொழுப்போடு புரதங்களும் உண்டு. எலிச் சவ்வின் புரதங்களுக்கு ஒரு நிறமும், மனிதச் சவ்வின் புரதங்களுக்கு இன்னொரு நிறமுமாக ஒளிரும் அடையாளம். இணைந்த உடனே பார்த்தால் செல்லில் பாதி பச்சை, பாதி சிவப்பு. உடல் வெப்பத்தில் 40 நிமிடம் வைத்துப் பார்த்தால் இரண்டு நிறமும் செல் முழுக்கக் கலந்திருந்தன. குளிரில் வைத்தபோது கலக்கவில்லை. புரதங்கள் சவ்வில் பதித்த கற்கள் அல்ல, மிதக்கிற தெப்பங்கள் என்று புரிந்தது. இரண்டு வருடம் கழித்து, 1972-இல், சிங்கரும் நிக்கல்சனும் வெளியிட்டதுதான் உங்கள் பாடத்தில் வரும் திரவ மொசைக் மாதிரி.

ஆனால் கவனியுங்கள், இந்த ஓட்டம் பக்கவாட்டில்தான். ஒரு பாஸ்போலிப்பிடு தன் வரிசைக்குள் நொடிக்கு லட்சக்கணக்கான முறை இடம் மாறிக்கொள்ளும். ஆனால் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்குத் தானாகத் தாண்ட மணிக்கணக்கில், சமயத்தில் நாள்கணக்கில் ஆகும். மின்னூட்டம் உள்ள தலையை எண்ணெய்க்குள் இழுத்துக்கொண்டு போக வேண்டுமே.

தடுப்பின் ரகசியமும் இதுதான். சவ்வு கெட்டியாக இருப்பதால் தடுப்பதில்லை, எண்ணெயாக இருப்பதால் தடுக்கிறது. சோடியம் அயனி தண்ணீரில் தனியாகத் திரிவதில்லை, சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகளைச் சட்டை மாதிரி போர்த்திக்கொண்டுதான் திரியும். எண்ணெய்க்குள் நுழைய அந்தச் சட்டையைக் கழற்ற வேண்டும், அதற்கு ஆகும் ஆற்றல் மிக அதிகம். அதனால் அயனிகளுக்கு வெறும் இரட்டை அடுக்கு கிட்டத்தட்ட பூட்டிய கதவு. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்றவற்றுக்கு மின்னூட்டம் இல்லை, அளவும் சிறியது, எண்ணெயில் கரைந்து மறுபக்கம் போய்விடும். ஸ்டீராய்டு ஹார்மோன்களும் அப்படியே. கொழுப்பில் கரையும் பொருள்கள்தான் செல்லுக்குள் சீக்கிரம் நுழைகின்றன என்று 1890-களிலேயே ஓவர்டன் கவனித்திருந்தார். சவ்வு என்ற ஒன்றை யாரும் கண்ணால் பார்த்திராத காலம் அது.

இனி இரண்டாவது கேள்வி. எதை விடுவது என்று எப்படித் தெரியும்?

தெரியாது. சவ்வுக்கு அறிவு ஒன்றும் இல்லை. அதில் பதிந்திருக்கும் புரதங்களின் வடிவமும், அவற்றில் எந்த அணு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்ற அளவும்தான் தேர்வைச் செய்கின்றன. இதை ஒரே ஓர் உதாரணத்தில் முழுமையாகப் பார்க்கலாம். பொட்டாசியம் வாய்க்கால் என்று ஒரு புரதம். அதன் வழியே பொட்டாசியம் நொடிக்குக் கோடிக்கணக்கில் பாயும். சோடியம் பொட்டாசியத்தைவிடச் சிறியது, ஆனால் அதற்கு வழி கிடையாது. பத்தாயிரம் பொட்டாசியம் போனால் ஒரு சோடியம் நுழைந்தால் பெரிது. பெரியதை விட்டுச் சிறியதைத் தடுக்கும் ஓட்டை எங்காவது உண்டா? மாவு சல்லடையை வைத்து யோசித்தால் இது புரியவே புரியாது.

1998-இல் ராடரிக் மெக்கினன் குழு அந்தப் புரதத்தின் வடிவத்தை அணு அணுவாக வெளிக்கொண்டு வந்தபோது விடை கிடைத்தது. வாய்க்காலின் குறுகலான இடத்தில் ஆக்சிஜன் அணுக்கள் வளையம் வளையமாக நிற்கின்றன. பொட்டாசியத்தைத் தண்ணீர் எப்படிச் சூழ்ந்திருந்ததோ, ஏறக்குறைய அதே இடைவெளியில் அந்த ஆக்சிஜன்கள் நிற்கின்றன. அதனால் பொட்டாசியம் தண்ணீர்ச் சட்டையைக் கழற்றினாலும் அதற்கு நஷ்டமில்லை, வாய்க்கால் அதே மாதிரி ஒரு சட்டையைத் தருகிறது. சோடியம் சிறியது என்பதால் சுற்றிலும் உள்ள ஆக்சிஜன்களை ஒரே நேரத்தில் எட்ட முடியாது. சட்டையைக் கழற்றினால் ஈடு கிடைக்காது, அதனால் கழற்றாது. சட்டையோடு நுழைய இடமும் போதாது. 'தேர்வு' என்று பாடம் சொல்வது இவ்வளவுதான். இதைப் படித்த அன்று எனக்கு ரொம்ப நேரம் வேறு எதிலும் மனம் போகவில்லை.

தண்ணீருக்கும் தனி வாய்க்கால் உண்டு. இரட்டை அடுக்கின் வழியே தண்ணீர் மெதுவாகக் கசியும். ஆனால் சிறுநீரகத்துக்கும் சிவப்பணுவுக்கும் அந்த வேகம் போதாது. பீட்டர் ஆக்ரே இரத்தத்தின் ஆர்எச் வகைப் புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது வேறொரு புரதம் கூடவே கூடவே வந்துகொண்டிருந்தது. அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க, 1992-இல் அவர் குழு தவளை முட்டைகளைப் பயன்படுத்தியது. குளத்துத் தண்ணீரில் இடப்படும் அந்த முட்டைகள் தண்ணீரை எளிதில் உள்ளே விடாதவை. இந்தப் புரதத்தை உருவாக்க வைத்த முட்டைகளை நீர்த்த கரைசலில் போட்டதும் அவை ஊதி, சில நிமிடங்களில் வெடித்தன. மற்றவை அப்படியே இருந்தன. அதுதான் அக்வாபோரின். ஒரு வாய்க்கால் வழியே நொடிக்குச் சுமார் 300 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் போகும். ஆனால் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு எங்கும் தாவக்கூடிய புரோட்டானுக்கு அனுமதி இல்லை. ஆக்ரேவும் மெக்கினனும் 2003-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வாய்க்கால் என்றால் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் பாயும். மேடு பள்ளத்தை உருவாக்குவது யார்? பம்ப். நம் செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல், வெளியே 4 அல்லது 5. சோடியம் நேர் எதிர்: வெளியே சுமார் 145, உள்ளே 10 முதல் 15. இந்த வித்தியாசம் தானாக நிற்பதில்லை. சோடியம்-பொட்டாசியம் பம்ப் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. இதை 1957-இல் நண்டுக் கால் நரம்புகளில் கண்டறிந்தவர் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ. அவருக்கும் நோபல் கிடைத்தது, நாற்பது வருடம் கழித்து, 1997-இல். நீங்கள் சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பம்புகளுக்கே போகிறது. ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது மாதிரிதான், நிறுத்தினால் முடிந்தது.

இதோடு கூட ஒரு கணக்கு. நரம்புச் செல்லின் சவ்வுக்கு இருபுறமும் மின்னழுத்த வேறுபாடு சுமார் 70 மில்லிவோல்ட். டார்ச் பேட்டரியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் அது நிற்பது 7 நானோமீட்டர் தூரத்தில். சென்டிமீட்டருக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 1 லட்சம் வோல்ட். காற்றில் சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட் இருந்தாலே பொறி பறந்துவிடும். அந்த மெல்லிய எண்ணெய்ப் படலம் இதை வாழ்நாள் முழுக்கத் தாங்குகிறது.

சவ்வின் வெளிப்பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழுப்புகளிலும் புரதங்களிலும் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும், வெளிப்பக்கம் மட்டும். செல்லின் அடையாள அட்டை இவை. ஏ வகை இரத்தம், பி வகை இரத்தம் என்கிறோமே, சிவப்பணுவின் சங்கிலி நுனியில் இருக்கும் ஒரே ஒரு சர்க்கரைதான் வித்தியாசம். ஓ வகையில் அந்த நுனிச் சர்க்கரையே கிடையாது.

இந்தச் சர்க்கரைகளைப் பிடித்துக்கொண்டுதான் சில நோய்களும் உள்ளே வருகின்றன. காலராவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிருமி குடல் செல்லுக்குள் நுழைவதே இல்லை. அது சுரக்கும் நச்சுதான் வேலை செய்கிறது என்று 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே காட்டினார். அந்த நச்சு குடல் செல் சவ்வில் சர்க்கரை தாங்கிய ஒரு கொழுப்பைப் பற்றிக்கொண்டு உள்ளே போகிறது. போய், சவ்வில் இருக்கும் ஒரு குளோரைடு வாய்க்காலைத் திறந்தே வைத்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டும், சோடியம் பின்தொடரும், இரண்டுக்கும் பின்னால் தண்ணீர். மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வெளியேறலாம்.

அந்த நிலையில் வெறும் தண்ணீர் கொடுத்தால் பெரிதாகப் பயனில்லை. தண்ணீர் தனியாகப் போகாது, கரைபொருள் போகும் பக்கம்தான் போகும். ஆனால் அதே சவ்வில் இன்னொரு கதவு இருக்கிறது. குளுக்கோஸ் ஒன்றும் சோடியம் இரண்டும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும் கதவு. சோடியம் உள்ளே பாயும் வேகத்தில் குளுக்கோஸையும் இழுத்துக்கொண்டு போகும். சோடியமும் குளுக்கோஸும் இப்படிக் கூட்டாகப் போகின்றன என்று 1960-இல் ராபர்ட் கிரேன் சொன்னார். காலரா நச்சு இந்தக் கதவைத் தொடுவதில்லை. குளோரைடு வாய்க்கால் திறந்து கொட்டிக்கொண்டிருக்கும்போதும் இது ஒழுங்காக வேலை செய்யும். உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் உள்ளே போகும், தண்ணீரும் கூடப் போகும்.

1971-இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோர பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே இருந்த மருத்துவர் திலீப் மகலானபிஸ், உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களே ஊட்டும்படி செய்தார். அதற்கு முன் நூற்றுக்கு 30 என்ற அளவில் இருந்த இறப்பு 4-க்கும் கீழே வந்தது. மருந்துக் கடையில் நாம் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அந்த வழியில் வந்ததுதான். உலக சுகாதார அமைப்பு 2002 முதல் பரிந்துரைக்கும் அளவில், ஒரு லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் 75 மில்லிமோல்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வீடுகளில் இந்தத் தவறு நடக்கிறது. பேதியாகும் குழந்தைக்குத் தெம்பு வரட்டும் என்று ஓ.ஆர்.எஸ்.-இல் இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரை போடுவார்கள், அல்லது குறைந்த தண்ணீரில் பாக்கெட்டைக் கரைப்பார்கள், அல்லது குளிர்பானம் கொடுப்பார்கள். சர்க்கரை அதிகமானால் கதவுகள் இழுக்க முடிந்த அளவைத் தாண்டி மீதி குடலிலேயே தங்கும். மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசிறி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறதே, அதே சவ்வூடு பரவல் இங்கேயும் நடக்கும். குடலில் தங்கிய சர்க்கரை, உடம்பின் தண்ணீரைச் சவ்வைத் தாண்டிக் குடலுக்குள் இழுக்கும். பேதி கூடும். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் சரியாக ஒரு லிட்டர் அளந்து கரையுங்கள். பாக்கெட் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அதற்கு மேல் ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.